நிலைய அதிபர் இல்லாத நிலையம்

குற்றாலத்திற்குச் சாரல் காலத்தில் நீராட வருவோர் தென்காசி ஜங்ஷனை அறிவர், செங்கோட்டையையும் அறிவர். குற்றாலத்திற்கென்று தனியாக ரயில் நிலையம் இல்லையாதலால், அருவிக்குச் செல்வோர் தென்காசியில் இறங்கி, ஏறக்குறைய 5 கிலோ மீட்டர் பஸ்ஸிலோ வேறு வண்டியிலோ போவதே வழக்கம். ஆனால் திருநெல்வேலியிலிருந்து மேற்கே வரும் பாஸஞ்சர் வண்டி தென்காசியை அடையுமுன், பாவூர்சத்திரத்திற்கும் தென்காசிக்கும் நடுவில் கீழப்புலியூர் என்ற ஒரு பெயர்ப் பலகைக்கு எதிரே சிறிது நேரம் நின்று புறப்படுவதை வெளியூர்ப் பிரயாணிகளில் கவனிப்போர் சிலரே. அங்கே வண்டிகள் ஒன்றையொன்று கடந்து செல்ல இரண்டாவது தண்டவாளம் இல்லை. பச்சைக் கொடியுடன் வாயிலில் நிற்கும் நிலைய அதிபரும் இல்லை. இறங்குவோர் இறங்குவர், ஏறுவோர் ஏறுவர், வண்டி போய்விடும். அதன்பின் அடுத்த வண்டி வரும்வரை அவ்விடத்தை ஒரு ரயில் நிலையம் என்று சொல்ல அந்தப் பலகையைத் தவிர வேறு சாட்சி அதிகமில்லை.

நூல் விலையையும் உர விலையையும், சங்கங்களின் வரவு செலவையும் பற்றி எழுதவேண்டிய இப்பத்திரிகையில் இத்தகைய ஒரு நிறுத்தத்தைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், இந்த நிறுத்தங்களை அதிகமாக உபயோகிப்போர் யார் என்று பார்த்தால் அவர்கள் நம்மவர்களே. கூடையில் காய்கறி கொண்டு செல்லும் விவசாயக் குடும்பத்துப் பெண்களும், மடித்த சேலைகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் நெசவாளரும், திருநெல்வேலியில் படிக்கும் அவர்களுடைய பிள்ளைகளுமே பாஸஞ்சர் வண்டியை நம்பியிருப்பவர்கள். மேலும், ஆள் இல்லாத நிலையம் ஒன்று எவ்வாறு நடக்கிறது, எதனால் நிலைக்கிறது, எதனால் மூடப்படுகிறது என்பதைக் கூட்டுறவாளர் தெரிந்துகொள்ளவேண்டிய காரணமும் உண்டு. அக்காரணம் கட்டுரையின் போக்கில் தானே விளங்கும்.

முதலில் பாதையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். திருநெல்வேலியிலிருந்து மேற்கே கல்லிடைக்குறிச்சி வரை 1902-ம் ஆண்டிலும், அங்கிருந்து அம்பாசமுத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை 1903-ம் ஆண்டிலும் ரயில் ஓடத் தொடங்கிற்று. மலைக்கு அப்பால் கொல்லத்திலிருந்து புனலூர் வரை போடப்பட்டிருந்த பாதையுடன் இது 1904-ம் ஆண்டு நவம்பரில் இணைந்தது. கட்டியவர்கள் தென்னிந்திய ரயில்வே கம்பெனியார். செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது; 1956-ம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்றுதான் அது நம் ராஜ்யத்துடன் சேர்ந்தது. ஆகவே தென்காசியில் ஏறிய ஒருவர் அடுத்த 8 கிலோ மீட்டருக்குள் வேறொரு அரசின் எல்லைக்குள் பிரவேசித்துவிடுவார். கொல்லம் துறைமுகத்தையும் பாண்டிநாட்டுப் பருத்திச் சந்தைகளையும் ஒரே பாதையால் இணைப்பதில் சமஸ்தானம், பிரிட்டிஷ் அரசாங்கம், கம்பெனி ஆகிய மூன்று தரப்பாருக்கும் இலாபம் இருந்தது. செங்கோட்டைக்கு அப்பால் பகவதிபுரம் என்ற சிறு நிலையம். அதற்கப்பால் ஏறக்குறைய ஒரு கிலோ மீட்டர் நீளமுள்ள மலைக் குகை. பின்பு கழுதுருட்டியில் 13 கண் பாலம். இந்த மலைப் பகுதியைப் பற்றி எழுதியவர் பலர். சமவெளியில் உள்ள சிறு நிறுத்தங்களைப் பற்றி எழுதியவர்தாம் குறைவு.

ஒரு விஷயத்தை இவ்விடத்தில் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. மலையைக் கடந்து ரயில் இணைந்த அதே 1904-ம் ஆண்டில்தான் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. நம் மாகாணத்தின் முதற் சங்கம் திரூரில் அமைந்ததும் அவ்வாண்டிலேயே. இரண்டிற்கும் நேர்ச் சம்பந்தம் ஒன்றுமில்லை. ஆயினும் நம் சங்கங்களும் இந்தப் பாதையும் ஒரே வயதினர் என்பதில் நமக்கு ஒரு பிரியம் இருக்கிறது.

1927-ம் ஆண்டில் விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில், கடையநல்லூர் வழியாக மற்றொரு பாதை வந்து தென்காசியில் சேர்ந்தது. அன்றிலிருந்துதான் தென்காசி ஜங்ஷன் ஆயிற்று. சங்கரன்கோவில், கடையநல்லூர் ஆகிய தறியூர்களுக்கு ரயில் வந்தது இவ்வழியாகவே. திருநெல்வேலிப் பாதையிலோ பாய்க்குப் பேர்போன பத்தமடைக்குப் பக்கத்தில் சேரன்மகாதேவியும், சேலைக்குப் பேர்போன வீரவநல்லூரும் இருந்தன. வீரவநல்லூர்ச் செடிபுட்டாச் சேலைக்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை அங்கத்தினர்கள் அறிவார்கள். புதுச்சேரியை விட்டு வந்த பாரதியார் சில காலம் வசித்த கடையமும் இவ்வழியில்தான் உள்ளது. பாவூர்சத்திரத்தின் காய்கறிச் சந்தையோ மலைக்கு அப்பாலுள்ள கேரளத்திற்கும் சரக்கு அனுப்புவது. இவற்றையெல்லாம் ஒரு வரிசையில் கோத்த நூல் இந்த ஒற்றைத் தண்டவாளமே.

நிற்க. ஒரு ரயில் பாதையில் சில இடங்களில் நிலைய அதிபர் இருப்பதும் சில இடங்களில் இல்லாமலிருப்பதும் ஏன்? ஊர் பெரிதானால் அதிபர், சிறிதானால் இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மையே. நிலைய அதிபரின் முதல் வேலை டிக்கெட் விற்பதன்று. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் மோதிக்கொள்ளாமல் பார்ப்பதே அவருடைய முதல் வேலை.

ஒற்றை வழியில் இரண்டு நிலையங்களுக்கு நடுவில் ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். மீட்டர் கேஜ் காலத்தில் இதற்கு ஓர் எளிய ஏற்பாடு பரவலாக இருந்தது. இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு யந்திரம்; அவற்றினுள் உருண்டையான உலோகக் குண்டுகள். இரண்டு யந்திரங்களும் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு நிலையத்தில் ஒரு குண்டை வெளியே எடுத்துவிட்டால், அது மறுபடி ஏதாவதொரு யந்திரத்தினுள் போடப்படும்வரை இரண்டிலுமே அடுத்த குண்டு வெளியே வராது. அக்குண்டைத் தோல் பையில் இட்டு, பெரிய வளையம் ஒன்றில் கட்டி, டிரைவரிடம் கொடுப்பார்கள். குண்டு கையில் இருந்தால்தான் டிரைவர் அந்தப் பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாம். நில்லாமல் போகும் வண்டியின் எஞ்சினிலிருந்து ஒருவர் கையை நீட்டி வளையத்தை வாங்கிக்கொள்வதைப் பார்த்தவர்கள் நம்மில் இன்னும் பலர் இருக்கக்கூடும். இன்று குண்டுகளுக்குப் பதிலாகச் சக்கரங்களின் அச்சுகளை எண்ணும் மின்கருவிகள் வந்துவிட்டன. முறை மாறிற்றே தவிர, அடிப்படை விதி மாறவில்லை.

இவ்வாறு வண்டிக்கு வழிவிடும் அதிகாரம் உள்ள நிலையங்களை ரயில்வே விதிகளில் ஏ, பி, சி என்று வகுத்திருக்கிறார்கள். அந்த அதிகாரம் இல்லாதவை டி வகுப்பு. இவற்றைக் கொடி நிலையங்கள் என்றும் சொல்வதுண்டு. கீழப்புலியூரைப் போன்ற நிறுத்தங்கள் இந்தக் கடைசி வகுப்பைச் சேர்ந்தவை. பாவூர்சத்திரத்திற்கும் தென்காசிக்கும் இடையிலுள்ள வழியை அந்த இரண்டு நிலையங்களே ஆளுகின்றன. நடுவில் இருக்கும் நிறுத்தத்திற்கு அதில் பங்கு இல்லை. வண்டி அங்கே நிற்பது கால அட்டவணையில் அவ்வாறு எழுதியிருப்பதால். டிரைவர் அறிவிப்புப் பலகையைப் பார்த்து வேகத்தைக் குறைத்து நிறுத்துகிறார். வண்டியின் கடைசியிலுள்ள கார்டு, இறங்குவோரும் ஏறுவோரும் முடிந்தனர் என்று கண்டு, பச்சைக் கொடியையோ விளக்கையோ காட்டுகிறார். 2022-ம் ஆண்டு முதல் அவருக்கு டிரெயின் மானேஜர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பெயர் எதுவாயினும், நிலைய அதிபர் இல்லாத இடத்தில் அந்தச் சில நிமிஷங்களுக்கு அவரே அதிபர்.

அப்படியானால் டிக்கெட் யார் கொடுப்பது? இங்கேதான் நமக்கு நெருக்கமான விஷயம் வருகிறது.

நிறுத்தங்களில் டிக்கெட் விற்பவர் பொதுவாக ரயில்வே உத்தியோகஸ்தர் அல்லர். உள்ளூர்வாசி ஒருவரை ரயில்வே நிர்வாகம் ஏஜெண்டாக நியமிக்கிறது. அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. விற்ற டிக்கெட்டுகளின் தொகையில் ஒரு பங்கு கமிஷனாகக் கிடைக்கும். பக்கத்திலுள்ள பெரிய நிலையத்தில் டிக்கெட்டுகளைப் பெற்று, வண்டி வரும் நேரத்திற்கு முன்னால் வந்து ஜன்னலைத் திறந்து விற்று, மறுபடி அந்நிலையத்தில் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். பத்து ரூபாய் டிக்கெட்டில் கமிஷன் எவ்வளவு தேறும் என்பதை அங்கத்தினர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். முழுநேர ஜீவனத்திற்குப் போதாத வேலை இது. வேறு தொழிலும் வைத்துக்கொண்டு, ஊருக்கு ஒரு உபகாரம் என்ற எண்ணத்தில் இதைச் செய்பவர்களே நெடுநாள் நிலைக்கிறார்கள். ஏஜெண்ட் கிடைக்காத இடங்களில் கார்டே வண்டியிலிருந்து இறங்கி டிக்கெட் கொடுத்த வழக்கமும் உண்டு.

இந்த ஏஜெண்டுகளின் கையில் நெடுங்காலம் இருந்தது கெட்டியான சிறு அட்டை டிக்கெட். கணினி டிக்கெட் பெரிய நிலையங்களில் வந்த பின்பும் நிறுத்தங்களில் அட்டையே பல ஆண்டுகள் நீடித்தது. இதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்ஸன் என்பவர். அவர் தொழிலால் தச்சர். மேஜை நாற்காலி செய்பவர். பிறகு ஒரு சிறு ரயில் நிலையத்தில் அதிபராக அமர்ந்தார். அக்காலத்தில் ஒவ்வொரு பிரயாணிக்கும் காகிதத்தில் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. நேரமும் வீண்; கணக்கும் சரியாயிராது. எட்மண்ட்ஸன் 1830-களின் பிற்பகுதியில், ஏறக்குறைய 57 மில்லி மீட்டர் நீளமும் 30 மில்லி மீட்டர் அகலமும் உள்ள அட்டைகளில் வரிசை எண் அச்சிட்டு விற்கும் முறையைக் கொண்டுவந்தார். தேதி குத்தும் யந்திரம் ஒன்றும் செய்தார்.

இதன் பெருமை அட்டையில் இல்லை. வரிசை எண்ணில் இருக்கிறது. காலையில் கட்டின் மேல் இருக்கும் டிக்கெட் 0412, மாலையில் மேல் இருப்பது 0449 என்றால், விற்றவை 37. கையிலுள்ள பணம் அதற்குச் சரியாக இருக்கவேண்டும். இடையில் ஒருவர் மேற்பார்வை பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நம் சங்கங்களில் எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் செய்யும் வேலையும் இதுவேயன்றோ? நம்பிக்கையான ஒரு கணக்கு முறை இருந்தால் மேலதிகாரி பக்கத்தில் நிற்கவேண்டியதில்லை. ஆளில்லா நிலையம் என்பது சாத்தியமானதே இந்த வரிசை எண்ணால்தான் என்பது எமது கருத்து.

இதில் இன்னொரு சுவையும் உண்டு. எட்மண்ட்ஸன் பின்பு வேலைக்குச் சேர்ந்தது மான்செஸ்டர் - லீட்ஸ் ரயில்வேயில். அந்தப் பாதை 1839-ம் ஆண்டில் ராச்டேல் நகரத்தின் வழியாக ஓடத் தொடங்கியது. அதே ராச்டேலில் 1844-ம் ஆண்டில், நெசவாளர் பலரை உள்ளிட்ட 28 பேர் சேர்ந்து தொடங்கிய கடையே உலகக் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி என்று நாம் ஒவ்வோர் ஆண்டும் மேடைகளில் சொல்லி வருகிறோம். அந்த முன்னோடிகளின் ஊருக்குப் போகும் ரயிலில்தான் இந்த டிக்கெட் முறை வளர்ந்தது.

சரக்கு விஷயத்தில் சிறு நிறுத்தங்களுக்கு என்றுமே பெரிய பங்கு இருந்ததில்லை. சரக்கு ஏற்றத் தனித் தண்டவாளமும் கிடங்கும் பொறுப்பாளரும் வேண்டும். பெரிய நிலையங்களிலும்கூட, சில்லறைச் சரக்குகளைச் சிறு சிறு கட்டுகளாக ஏற்றும் முறையை ரயில்வேயார் 1980-களிலிருந்து படிப்படியாகக் கைவிட்டு, முழு வண்டிச் சரக்கையே விரும்பலாயினர். நூல் பேல்களும் வாழைத்தார்களும் லாரிக்குப் போயின. இது நமக்கு நஷ்டமே. ஆயினும் அதை இங்கே விரிக்கவில்லை. பிரயாணி தன்னுடன் கொண்டுபோகும் சுமையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லவேண்டும். இரண்டாம் வகுப்பு டிக்கெட் வைத்திருப்பவர் 35 கிலோ வரை கட்டணமின்றித் தம்முடன் எடுத்துச் செல்லலாம். ஒரு நெசவாளர் சந்தைக்கு எடுத்துச் செல்லும் சேலைக் கட்டு பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். இந்த உரிமையைத் தெரியாமல், சுமைக்குத் தனிக் கட்டணம் கேட்பார்களோ என்று அஞ்சி ரயிலைத் தவிர்ப்போர் உண்டு.

இனி, அண்மைக் காலத்து மாறுதல்கள். மீட்டர் கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் 1,000 மில்லி மீட்டர். அகலப் பாதை என்பது 1,676 மில்லி மீட்டர். விருதுநகர்ப் பாதை அகலமாகி 2004-ம் ஆண்டில் வண்டிகள் ஓடின. திருநெல்வேலி - தென்காசிப் பகுதி சில ஆண்டுகள் மூடப்பட்டிருந்து, 2012-ம் ஆண்டு செப்டம்பரில் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. மலைப் பகுதியில் 2010-ம் ஆண்டில் நின்ற வண்டி 2018-ம் ஆண்டில்தான் மறுபடி முழுதும் ஓடிற்று. அதன்பின் மின்கம்பியும் வந்துவிட்டது.

பாதை மூடியிருந்த ஆண்டுகள் சிறு நிறுத்தங்களுக்குப் பெருஞ் சோதனை. பெரிய நிலையத்தை நம்பியவர்கள் மறுபடி வண்டி வந்ததும் திரும்பி வருவார்கள். கீழப்புலியூரைப் போன்ற இடங்களில் ஏறியவர்களோ அவ்விடைக் காலத்தில் பஸ்ஸுக்குப் பழகிவிட்டார்கள். பள்ளிக்குப் போன பிள்ளை படிப்பை முடித்துவிட்டது. புதிதாகப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு ரயில் என்ற எண்ணமே வரவில்லை. ஓராண்டு ஓடாமல் கிடந்த தறியை மறுபடி ஓட்டுவது எளிதன்று என்பதை நெசவாளருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அகலப் பாதையால் இன்னொரு சங்கடமும் நேர்ந்தது. பழைய மீட்டர் கேஜ் பெட்டிகள் தாழ்வானவை. அகலப் பாதைப் பெட்டியின் தளம் தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய ஓர் ஆள் மார்பளவு உயரத்தில் இருக்கிறது. பிளாட்பாரங்கள் மூன்று விதம். தண்டவாள மட்டத்திலேயே இருப்பது ஒன்று. 455 மில்லி மீட்டர் உயரமுள்ளது ஒன்று. 760 முதல் 840 மில்லி மீட்டர் வரை உயரமுள்ளது ஒன்று. பெரிய நிலையங்களில் மூன்றாவது வகை இருப்பதால் ஏறுவது எளிது. முதல் இரண்டு வகை உள்ள இடங்களில் கூடையுடன் வரும் மூதாட்டி ஒருவர், ஏணியில் ஏறுவதுபோல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறவேண்டும். அதுவும் வண்டி நிற்கும் அந்தச் சொற்ப நேரத்திற்குள். வேகமான பாதை வேண்டும் என்று கேட்டபோது நாம் பிளாட்பாரத்தின் உயரத்தையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

2020-ம் ஆண்டு மார்ச்சில் நோய்த் தொற்றுக் காரணமாக நாடு முழுவதும் பிரயாணி வண்டிகள் நின்றன. மறுபடி ஓடியபோது பாஸஞ்சர் வண்டிகளை விசேஷ வண்டிகள் என்று பெயரிட்டு, எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாயிற்று. பழைய கட்டணம் திரும்பியது 2024-ம் ஆண்டு பிப்ரவரியில்தான். நெடுந்தூரம் போகிறவருக்கு இது பெரிய வித்தியாசமாகத் தோன்றாது. ஆனால் சிறு நிறுத்தத்தில் ஏறி இரண்டு மூன்று நிலையம் தள்ளி இறங்குபவருக்கு அது மும்மடங்கு. கட்டணம் இறங்கியது என்ற செய்தி ஏறியது என்ற செய்தியைப் போல் பரவவும் இல்லை. இப்பொழுதும் ரயிலில் குறைந்தது 30 ரூபாய் என்று எண்ணிப் பஸ்ஸுக்குக் காத்திருப்போர் இருக்கக்கூடும். அவர்களுக்கு அங்கத்தினர்கள் இதை எடுத்துச் சொல்லலாம்.

இனி, நிறுத்தத்தின் ஆயுளைப் பற்றிப் பேசுவோம். நிறுத்தங்களை ரயில்வேயார் இப்போது மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள். ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய் வரையிலும், அங்கிருந்து புறப்படும் பிரயாணிகள் ஒரு லட்சம் பேர் வரையிலும் உள்ளவை கடைசித் தரம். விளக்கு, குடிநீர், நிழற்கூரை ஆகிய சௌகரியங்கள் எந்த அளவில் என்பதை இந்தத் தரமே நிர்ணயிக்கிறது. ஒரு நிறுத்தத்தில் வண்டி நிற்கவேண்டுமா என்று ஆராயும்போதும் முதலில் பார்ப்பது அங்கு விற்ற டிக்கெட்டுகளையே. வண்டியில் ஏறியவர்களை யாரும் தலை எண்ணுவதில்லை. டிக்கெட்டில் புறப்படும் இடம் என்று எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயருக்கே கணக்கு.

ஆகையால், நிறுத்தத்தில் ஏறுபவர் ஜன்னலில் கூட்டம் என்றோ, வண்டி வந்துவிட்டது என்றோ டிக்கெட் இல்லாமல் ஏறி இறங்கிவிட்டால், அவர் ஏமாற்றியது ரயில்வேயை மாத்திரமன்று. அவர் அன்று அந்த நிறுத்தத்தில் ஏறவேயில்லை என்று அவரே எழுதிக் கொடுத்ததாக ஆகிறது. போக வர இரண்டுக்கும் சேர்த்து ஜங்ஷனில் டிக்கெட் வாங்கி வைத்துக்கொள்பவர் சட்டப்படி குற்றமற்றவர். ஆனால் அவருடைய பத்து ரூபாயும் ஜங்ஷன் கணக்கில் சேர்கிறது. உள்ளூர் நெசவாளர் தம் சங்கத்தில் நூல் வாங்காமல் வெளியே வாங்கிவிட்டு, சங்கத்தில் விற்பனை இல்லை என்று பொதுக்கூட்டத்தில் குறை சொல்வதற்கும் இதற்கும் பேதம் அதிகமில்லை.

இவ்விஷயத்தை நன்றாக உணர்ந்த ஊர் ஒன்று ராஜஸ்தானத்தில் இருக்கிறது. நாகௌர் ஜில்லாவிலுள்ள ஜால்சு நானக் என்ற நிறுத்தம் அது. ராணுவத்தில் சேவை செய்வோர் அதிகமுள்ள ஊர். வருமானம் போதாது என்று 2005-ம் ஆண்டில் நிறுத்தத்தை மூட முடிவு செய்தார்கள். ஊரார் தண்டவாளத்தின் அருகில் அமர்ந்து பல நாட்கள் போராடினார்கள். முடிவில் ரயில்வேயார் ஒரு நிபந்தனை விதித்தனர்: மாதம் 1,500 டிக்கெட், அதாவது நாள் ஒன்றுக்கு 50 டிக்கெட் விற்கவேண்டும், நிறுத்தத்தை ஊராரே நடத்தவேண்டும். ஊரார் வீட்டுக்கு வீடு வசூலித்து ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய் சேர்த்து, முதலில் 1,500 டிக்கெட்டுகளை வாங்கிவிட்டார்கள். டிக்கெட் விற்க ஒருவரை நியமித்து, கமிஷனும் ஊர்ப் பணமுமாகச் சேர்த்து அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஹரியானாவில் தாஜ் நகர் என்ற ஊரிலோ நிலையத்தையே ஊரார் கட்டிவிட்டார்கள். ஏறக்குறைய 20 லட்சம் ரூபாய் ஊர்ப் பணத்தில் பிளாட்பாரமும் டிக்கெட் அறையும் எழுப்பி, 2010-ம் ஆண்டில் வண்டி நிற்கச் செய்தார்கள். பெயரளவில் கூட்டுறவுச் சங்கம் இல்லாமலே கூட்டுறவு செய்த ஊர்கள் இவை.

எதிர்மாறான உதாரணமும் உண்டு. இங்கிலாந்தில் 1963-ம் ஆண்டு பீச்சிங் என்பவர் ரயில்வேயின் நஷ்டத்தை ஆராய்ந்து அளித்த அறிக்கையில் 2,363 நிலையங்களை மூடலாம் என்று பட்டியல் கொடுத்தார். அவற்றில் மிகப் பல மூடப்பட்டன. பல பாதைகளில் தண்டவாளத்தையே பிடுங்கிவிட்டார்கள். பிற்காலத்தில் ஊர்கள் வளர்ந்து, சில நிலையங்களை மறுபடி பெருஞ் செலவில் திறக்க நேர்ந்தது. டிக்கெட் கணக்கு நேற்று நடந்ததைச் சரியாகச் சொல்லும். நாளை யார் வருவார் என்று சொல்லாது. ஆகவே அதையே ஒரே அளவுகோலாகக் கொள்வது சரியன்று என்பதே எமது அபிப்பிராயம். தென்காசி 2019-ம் ஆண்டில் தனி ஜில்லாவின் தலைநகராகியிருக்கிறது. ஊர் கிழக்கே வளர வளர, கீழப்புலியூரில் இறங்குவதே பலருக்கு அருகாமையாகும் காலம் வரலாம். ஆனாலும் இன்றைய அளவுகோல் டிக்கெட்டாயிருக்கும்வரை நாம் அதைக் கொண்டே பேசவேண்டியிருக்கிறது.

அதற்குச் சங்கங்கள் செய்யக்கூடியவை சில உள. தினந்தோறும் போய் வருவோர் மாதச் சீட்டு வாங்குவது முதலாவது. ரயில்வேயின் புள்ளி விவரத்தில் மாதச் சீட்டு ஒன்றை 50 பயணங்களாகக் கொள்வது வழக்கம். ஒரு நிறுத்தத்தின் பெயரில் 30 பேர் மாதச் சீட்டு வைத்திருந்தால் அதுவே 1,500 பயணங்கள்; ராஜஸ்தானத்து ஊரார் ஒன்றரை லட்சம் வசூலித்துக் காட்டிய எண்ணும் அதுவே. 30 பேர் என்பது நம் நடுத்தரச் சங்கம் ஒன்றின் அங்கத்தினரில் சிறு பகுதி. சீட்டு வாங்கும்போது புறப்படும் நிலையத்தின் பெயரைப் பெரிய நிலையமாக எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பேசிச் செயலியில் டிக்கெட் எடுக்கும் இளைஞர்களும் இவ்வாறே புறப்படும் இடத்தில் தங்கள் நிறுத்தத்தின் பெயரையே தெரிந்தெடுக்க வேண்டும். செயலியில் எடுத்தால் ஜன்னல் திறக்கவில்லையே என்ற கவலையும் இல்லை. ஆனால் எல்லோரும் செயலிக்குப் போய்விட்டால் ஏஜெண்டின் கமிஷன் குறையும் என்பதையும் மறைக்க முடியாது. கைப்பேசி இல்லாத முதியோருக்கு அந்த ஜன்னலே கதி. ஆகவே, நேரம் இருக்கும் நாட்களில் ஜன்னலிலேயே வாங்குவது நலம்.

இரண்டாவது, விண்ணப்பம். இப்பாதை மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தது. கோட்டந்தோறும் ரயில் உபயோகிப்போர் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. அதன் கூட்டங்களில் வைக்கப்படும் கோரிக்கைகளுக்கு நிர்வாகம் எழுத்து மூலம் பதில் தருகிறது. கோட்ட மேலாளருக்கும் இக்குழுவுக்கும் எழுதும்போது, ‘எங்கள் ஊர் மக்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள்’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எத்தனை அங்கத்தினர் அதில் போகிறார்கள், எவ்வூருக்கு, எவ்வளவு சுமையுடன், சந்தை நாட்களில் எத்தனை பேர் என்று சங்கத்தின் பதிவேட்டிலிருந்து கணக்கெடுத்து எழுதவேண்டும். தறியிலிருந்து சேலையை அறுத்து ஒப்படைக்கும் நாள், சந்தை கூடும் நாள், பள்ளி திறக்கும் மாதம் ஆகியவை சங்கக் காரியதரிசிக்குத் தெரிந்த அளவு கோட்ட அலுவலகத்திற்குத் தெரியாது. கால அட்டவணையை மாற்றுவது ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் காரியமாதலால், விண்ணப்பம் அதற்குப் பல மாதங்கள் முன்பே போய்ச் சேரவேண்டும். பிளாட்பாரத்தை உயர்த்தும் கோரிக்கையைத் தனிக் காகிதத்தில் எழுதுவது உத்தமம். வண்டி நிற்பதும் பிளாட்பாரம் கட்டுவதும் வெவ்வேறு இலாகாக்களின் வேலை. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதினால் அது ஒரு மேஜையிலிருந்து மற்றொரு மேஜைக்குப் போவதிலேயே அடுத்த சாரல் காலம் வந்துவிடும்.